வருட வாகன வரியை எடுத்துவிட்டு பெட்ரோலிலேயே போட்டுவிட்டால் என்ன? பிரிட்டனை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் கார் வைத்திருப்பவர் இரண்டு வழியில் வரி கட்டுகிறார். ஒன்று, வண்டி தெருவில் நின்றாலே கட்ட வேண்டிய வருட வாகன வரி. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது, மக்கள் வாயில் அது ரோட் டாக்ஸ். இன்னொன்று, பெட்ரோலும் டீசலும் போடும்போது லிட்டருக்கு இவ்வளவு என்று விலையோடு சேர்ந்தே போய்விடும் எரிபொருள் வரி. முதலாவதை ஒழித்துவிட்டு அந்தப் பணத்தையும் இரண்டாவதிலேயே வசூலித்துவிடலாமே என்ற யோசனை இங்கே பல பத்தாண்டுகளாகச் சுற்றி வருகிறது.

நான் 2010இல் படிக்க வந்தபோது, வார இறுதி இரவுகளில் கிழக்கு லண்டனில் ஒரு பெட்ரோல் பங்கில் கல்லாவில் நின்றேன். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது அங்கேதான். அதன் பிறகு ஊரிலிருந்தும் இங்கிருந்தும் நண்பர்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இப்போது ஒருவர் எவ்வளவு கட்டுகிறார்?

அது கார் எப்போது பதிவானது என்பதைப் பொறுத்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பெரும்பாலான கார்களுக்கு, முதல் வருடம் கழிந்ததும், ஒரே கட்டணம்தான். 2025 ஏப்ரலில் அது 195 பவுண்டு ஆனது, இங்கே போடும் கணக்குகளுக்கெல்லாம் அதையே வைத்துக்கொள்கிறேன். 2001க்கும் 2017க்கும் இடையில் பதிவானவை என்றால் கார் விடும் கரியமில வாயுவின் அளவைப் பார்ப்பார்கள். சிறிய, சிக்கனமான வண்டிக்கு 20 பவுண்டோ 35 பவுண்டோ வரும். அதே வயதுள்ள பெரிய வண்டிக்கு 700 பவுண்டைத் தாண்டும். அதற்கும் முந்தைய கார்களுக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு.

எரிபொருள் வரி லிட்டருக்கு 57.95 பென்ஸாக 2011 முதல் அப்படியே இருந்தது. 2022 மார்ச்சில் ரிஷி சுனக் நிதியமைச்சராக இருந்தபோது 5 பென்ஸ் குறைத்து 52.95 ஆக்கினார். இந்த வரியையும் சேர்த்த மொத்தத்தின் மேல் 20 சதவீத வாட் வரி வேறு உண்டு. பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் 75 பென்ஸுக்கு மேல் அரசுக்குப் போகிறது. கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி, பங்க் முதலாளியின் லாபம் எல்லாம் மிச்சமுள்ள 60 பென்ஸுக்குள்தான்.

ரோட் டாக்ஸ் பணத்தில்தானே ரோடு போடுகிறார்கள்? அதை எப்படி எடுப்பது?

அந்தக் காலம் போய் ரொம்ப நாளாகிறது. 1920இல் சாலைகளுக்கென்று தனி நிதி ஒன்றை உருவாக்கினார்கள், வாகன வரிப் பணம் அதில் சேர்ந்தது. 1926இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதிலிருந்து பொதுச் செலவுக்கு எடுக்க ஆரம்பித்தார். 1937இல் வரிக்கும் அந்த நிதிக்கும் இருந்த நேரடித் தொடர்பே அறுந்தது. இன்றைக்கு இரண்டு வரியும் பொதுக் கஜானாவுக்குத்தான் போகின்றன. சைக்கிள்காரரைப் பார்த்து "நீ ரோட் டாக்ஸ் கட்டுவதில்லை, ஓரமாகப் போ" என்று கத்துபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பெட்ரோலில் போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஓட்டுகிறவன் ஓட்டுகிற அளவுக்குக் கட்டுகிறான் என்பதுதான். ரோடு தேய்வதும், புகை எழுவதும், நெரிசல் கூடுவதும் வண்டி ஓடும்போதுதான். வாசலில் நிற்கும் காரால் ஒரு பார்க்கிங் இடம் போகிறது, அவ்வளவுதான். ஆனால் வாரம் ஒரு முறை கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் பெரியவரும், வருடம் 30,000 மைல் ஓட்டும் விற்பனைப் பிரதிநிதியும் ஒரே 195 பவுண்டைக் கட்டுகிறார்கள். அது போக, வருட வரியைக் கட்டி முடித்த பிறகு இன்னொரு மைல் ஓட்டினால் அந்த வரியில் ஒரு பென்னிகூட ஏறாது. கட்டியாயிற்று, ஓட்டித் தீர்ப்போம் என்றுதான் மனது போகும்.

இன்னொரு நியாயத்தைக் கல்லாவில் நின்றபோதுதான் கண்டேன். இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு அக்கா வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியவர்களின் வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை. எப்போதும் பத்துப் பவுண்டுக்குத்தான் போடுவார், மாதக் கடைசி என்றால் ஐந்து. பம்பின் எண் 10.00இல் சரியாக நிற்க வேண்டும் என்று கடைசி நொடியில் கைப்பிடியை விட்டு விட்டு அழுத்துவார். 10.01 ஆகிவிட்டால் அந்த ஒரு பென்னியைப் பர்ஸின் மூலையில் தேடுவார். ஒரு நாள், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட ரசீதைக் காட்டினார். அப்போதெல்லாம் வாகன வரி கட்டினால் தபால் நிலையத்தில் ஒரு வட்டக் காகிதம் தருவார்கள், ஓரத் துளைகளில் பார்த்துக் கிழித்து ஒட்ட வேண்டும். அந்த மாதத்தோடு அவருடையது முடிகிறது. "தம்பி, பெட்ரோலைப் பத்துப் பத்தா அடிச்சுச் சமாளிக்கலாம். உந்த ரோட் டாக்ஸ் ஒரேயடியா வருதே, அதுக்கு எங்க போறது?" என்றார்.

வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட முடியாமல் ஆறு மாதத்துக்குத்தான் அவர் எடுப்பார். அப்படி எடுத்தால் 10 சதவீதம் கூடுதல். கையில் மொத்தப் பணம் உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு அதைவிட அதிக விலை. இன்றும் வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் பிடிக்கச் சொன்னால் 5 சதவீதம் ஏற்றி வாங்குகிறார்கள், 195 பவுண்டு 204.75 ஆகிவிடும். எனக்கு இது இன்றுவரை ஆறாத கோபம். பெட்ரோலில் போட்டால் இந்த அநியாயம் அன்றைக்கே ஒழிந்துவிடும்.

அப்படி மாற்றினால் பெட்ரோல் எவ்வளவு ஏறும்?

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். எரிபொருள் வரியில் அரசுக்கு வருடம் சுமார் 2,400 கோடி பவுண்டு வருகிறது. லிட்டருக்கு 52.95 பென்ஸ் என்றால் விற்பது ஏறக்குறைய 4,500 கோடி லிட்டர். வாகன வரியில் வருவது சுமார் 800 கோடி பவுண்டு. அதை 4,500 கோடி லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 17, 18 பென்ஸ். அதன் மேல் வாட் வரியும் ஏறினால் 21 வரை போகும். பேச்சுக்கு 20 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1.35க்குப் போட்ட பெட்ரோல் 1.55 ஆகும்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

லிட்டருக்கு 10 மைல் போகும் கார் என்று எடுத்துக்கொள்கிறேன், இங்கே ஓடும் சாதாரண பெட்ரோல் காருக்கு அது ஏறக்குறைய சரி. வருடம் 2,000 மைல் ஓட்டும் ஓய்வுபெற்றவர் 200 லிட்டர் போடுவார். கூடுதல் செலவு 40 பவுண்டு, மிச்சமாகும் வரி 195. ஏறக்குறைய 7,000 மைல் ஓட்டுபவருக்குக் கூடுதல் 140, அவருக்கும் லாபம்தான். 9,750 மைலில் கணக்கு சரிக்குச் சரி. அதற்கு மேல் ஓட்டினால் நஷ்டம்.

இப்போது அந்த அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 40 மைல், வாரம் ஆறு நாள். வருடத்தில் 12,000 மைலைத் தாண்டும். 1,200 லிட்டர், 240 பவுண்டு. 195 கட்டும் காராக இருந்தால் அவருக்கு 45 பவுண்டு நஷ்டம். பழைய சிக்கனமான காராக இருந்து இப்போது 35 பவுண்டுதான் கட்டுகிறார் என்றால் நஷ்டம் 200ஐத் தாண்டிவிடும்.

யாருடைய கஷ்டத்தைப் பார்த்து இந்த யோசனையை ஆதரித்தேனோ அவருக்கே இது கூடுதல் செலவு வைக்கும் என்று முதல் முறை கணக்குப் போட்டபோது மனது மிகவும் சங்கடப்பட்டது. ஆனால் அவர் ஓட்டுவது தனக்காக இல்லையே, வேலைக்காக. வேலைக்கு ஓட்டும் மைலுக்கு நிறுவனம் வரியில்லாமல் 45 பென்ஸ் வரை தரலாம் என்று 2011 முதல் விதி இருக்கிறது. 10,000 மைலைத் தாண்டினால் 25 பென்ஸ். தரலாம் என்றுதான் விதி, தர வேண்டும் என்று இல்லை. அதனால் பலர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். பெட்ரோல் வரியை ஏற்றும் அரசு இந்தத் தொகையை ஏற்றி, முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்காவது அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் வரியை மட்டும் மாற்றினால் நான் ஆதரிக்க மாட்டேன்.

கிராமத்தில் இருப்பவர்கள் பாடு?

நியாயமான கவலை. லண்டனில் பஸ்ஸும் டியூப் என்ற சுரங்க ரயிலும் இருக்கின்றன. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கடைக்கும் மருத்துவருக்கும் போய்வரவே கார் வேண்டும், பெட்ரோல் விலையும் அங்கே அதிகம். ஆனால் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2012 முதல் ஸ்காட்லாந்துத் தீவுகளிலும் சில்லித் தீவுகளிலும் லிட்டருக்கு 5 பென்ஸ் சலுகை தருகிறார்கள், 2015இல் அது பெருநிலத்தின் சில ஒதுக்குப்புற ஊர்களுக்கும் போனது. இடம் பார்த்து வரியைக் குறைக்க முடியும்.

இதற்கு முன் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பிரிட்டனில் பெட்ரோல் வரி நூறு வருடத்துக்கு மேல் பழைய கதை. 1909 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கேலனுக்கு 3 பென்னி வரி போட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, 1921 முதல் காரின் குதிரைத் திறனுக்கு ஒரு பவுண்டு என்று வருட வரிக்குப் போனார்கள். அதன் விளைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியின் மேல் போடும் வரி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குதிரைத் திறனை உண்மையில் அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டம், சிலிண்டர் எத்தனை, இந்த இரண்டை வைத்து ஒரு சூத்திரம். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது என்பது கணக்கிலேயே இல்லை. உடனே பிரிட்டிஷ் கம்பெனிகள் விட்டம் ஒடுங்கிய, உயரம் நீண்ட சிலிண்டர்களைச் செய்ய ஆரம்பித்தன. ஆஸ்டின் செவன் என்ற சிறிய பிரிட்டிஷ் காருக்கு வரி 8 பவுண்டு. அகன்ற சிலிண்டர் கொண்ட ஃபோர்டு மாடல் டிக்கு 20 பவுண்டுக்கு மேல். ஒடுங்கிய எஞ்சினில் பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்க வேண்டும், அதனால் நீண்ட சாலையில் வேகமாக ஓட்டினால் சீக்கிரம் தேயும். உள்ளூருக்குத் தோதான இந்த எஞ்சின்களை வெளிநாட்டில் விற்பது சிரமமாக இருந்தது. ஒரு வரிச் சூத்திரம் ஒரு நாட்டின் எஞ்சின் வடிவத்தையே ஏறக்குறைய 25 ஆண்டுகள் வளைத்து வைத்திருந்தது. கடைசியில் 1948இல் புதிய கார்களுக்கெல்லாம் வருடம் 10 பவுண்டு என்று ஒரே கட்டணம் வைத்தார்கள். இதற்கிடையே 1928இல் சர்ச்சில் பெட்ரோல் வரியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். அன்றிலிருந்து இரண்டும் கூடவே ஓடுகின்றன.

நம் கேள்விக்கு மிக அருகில் வந்தது 1978. வருட வரி 50 பவுண்டாக இருந்தது. அந்த நவம்பரில் தொழிற்கட்சி அரசின் போக்குவரத்து அமைச்சர் வில்லியம் ராட்ஜர்ஸ், வாகன வரியைப் படிப்படியாகக் குறைத்து 1983க்குள் ஒழித்துவிட்டு பெட்ரோல் வரியில் ஈடுகட்டப் போவதாக அறிவித்தார். 1979 மே மாதம் ஆட்சி மாறியது. ஈரான் புரட்சியால் அந்த வருடம் எண்ணெய் விலையும் எகிறியது. புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. நடந்திருக்க வேண்டிய காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து அயர்லாந்தில் 1977 தேர்தலில் ஜாக் லிஞ்சின் ஃபியன்னா ஃபாயில் கட்சி, சிறிய, நடுத்தர கார்களுக்கு வருட வரியை எடுப்பதாகச் சொல்லிப் பெரிய வெற்றி பெற்றது, எடுக்கவும் செய்தது. வீட்டு வரியையும் சேர்த்தே எடுத்தார்கள். விட்ட வருமானத்துக்கு ஈடாக எதையும் உறுதியாக வைக்கவில்லை. சில ஆண்டுகளில் கார் வரி திரும்பி வந்துவிட்டது.

பெட்ரோலில் போட்டால் யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. பெட்ரோல் போடாமல் கார் ஓடாது. வருட வரியிலோ ஏமாற்று உண்டு. வட்ட ரசீதை 2014 அக்டோபரில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருடம் அரசின் சாலைக் கணக்கெடுப்பில் வரி கட்டாத வண்டிகள் 0.6 சதவீதம், 2017இல் 1.8 சதவீதம். ஆனால் எரிபொருளிலும் திருட்டு உண்டு. விவசாயத்துக்கு என்று குறைந்த வரியில் சாயம் கலந்து விற்கும் டீசலில் சாயத்தை நீக்கி விற்கும் கும்பல்கள் வட அயர்லாந்து எல்லையில் நீண்ட காலமாகத் தலைவலி. வரி ஏற ஏற அதற்கான ஆசையும் ஏறும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இப்போது விலக்கு இருக்கிறதே?

ஆம், நடமாட்டத்துக்கான உயர் உதவித்தொகை பெறுபவர்களுக்கு வருட வரி கிடையாது. பம்பில் ஆள் பார்த்து விலை வைக்க முடியாது. மாற்றினால் அவர்களுக்கு 20 பென்ஸ் முழுக்க நஷ்டம், அதை உதவித்தொகையில் ஏற்றிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு நியாயம் இருந்தும் ஏன் எந்த அரசும் தொடவில்லை?

காரணம், 2000 செப்டம்பரில் நடந்தது. 1993 முதல் பெட்ரோல் வரியை விலைவாசியைவிட வேகமாக வருடா வருடம் ஏற்றி வந்தார்கள். 1999இல் அந்த முறையை நிறுத்திவிட்டாலும், லிட்டர் 80 பென்ஸைத் தொட்டபோது அதில் முக்கால் பங்கு வரியாக இருந்தது. விவசாயிகளும் லாரிக்காரர்களும் செஷயரில் ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலை வாசலில் போய் நின்றார்கள். சில நாட்களில் நாடெங்கும் பெட்ரோல் பங்குகள் வறண்டன. எங்கள் பங்க் முதலாளி அண்ணை அதைப் பற்றிச் சொல்வார்: பம்பில் "இல்லை" என்று அட்டை தொங்கவிட்ட பிறகும் வண்டிகள் நகராமல் வரிசையில் நின்றனவாம். வருட வரி வருடத்துக்கு ஒரு நாள் வலிக்கும். பெட்ரோல் விலை ஊருக்கே தெரியும்படி பெரிய எண்களில் தெருவோரம் எரிந்துகொண்டிருக்கிறது. அதில் 20 பென்ஸ் ஏற்றிவிட்டு, "ஆனால் உங்கள் 195 மிச்சம்" என்று விளக்க எந்த நிதியமைச்சருக்கும் தைரியம் வரவில்லை.

மின்சாரக் கார்கள் வந்துவிட்டனவே, இனி இந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டா?

இங்கேதான் என் கருத்தும் மாறியது. மின்சாரக் கார் பெட்ரோல் போடாது. வருட வரியை எடுத்துவிட்டால் அதற்கு வாகன வரியும் இல்லை, எரிபொருள் வரியும் இல்லை. வீட்டு வாசலில் சார்ஜ் போட வசதியுள்ளவர்தான் இன்று பெரும்பாலும் அதை வாங்குகிறார். மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு பழைய பெட்ரோல் கார் ஓட்டுபவர் மீதே 800 கோடியும் விழும். அவர்கள் எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சமுள்ளவர்கள் மேல் லிட்டருக்கு இன்னும் ஏற்ற வேண்டிவரும். அரசோ எதிர்த்திசையில் போகிறது. 2025 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் வருட வரி கட்டுகின்றன. அந்த நவம்பர் பட்ஜெட்டில், 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ், சார்ஜ் போடும் ஹைபிரிட்களுக்கு 1.5 பென்ஸ் என்று அறிவித்தார்கள். லிட்டருக்கு 10 மைல் போகும் பெட்ரோல் கார் எரிபொருள் வரியாக மைலுக்கு 5.3 பென்ஸ் கட்டுகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் உங்கள் நிலைப்பாடுதான் என்ன?

ஓட்டும் அளவுக்கு வரி என்பதை விட மாட்டேன். அதை வசூலிக்கும் இடம் மட்டும் இனி பம்பாக இருக்க முடியாது. எல்லா வண்டிக்கும் மைல் கணக்கு வர வேண்டும், எடையும் புகையும் கூடினால் மைலுக்குக் கட்டணமும் கூட வேண்டும், வருட வரி அதில் கரைந்துபோக வேண்டும். நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் பல காலமாகக் கிலோமீட்டர் கணக்கில்தான் கட்டுகின்றன, 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் அதில் சேர்ந்தன. வண்டி எங்கே போகிறது என்று பின்தொடரத் தேவையில்லை. மூன்று வருடம் தாண்டிய கார்களில், ஓடிய தூரம் காட்டும் மீட்டரை வருடாந்திரச் சோதனையில் எப்படியும் குறிக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அதையும் பத்துப் பத்தாகக் கட்ட வழி வேண்டும், தவணைக்கு அபராதம் போலக் கூடுதல் கேட்கக் கூடாது.

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாதா?

தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கும் பைக்குக்கும் வாங்கும்போதே ஆயுட்கால வரியைக் கட்டிவிடுகிறோம், அதனால் வருடா வருடம் வலி இல்லை. ஆனால் ஓட்டும் அளவுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. அந்தத் தொடர்பு பெட்ரோல் விலையில் உள்ள மத்திய, மாநில வரிகளில்தான் இருக்கிறது. இலங்கையில் இன்னும் வருடா வருடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், பிரிட்டன் முறைக்கு அதுதான் நெருக்கம்.

பிரிட்டனில் புதிதாகக் கார் வாங்குகிறேன். இப்போதைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

பழைய காரோடு பழைய வரி வராது. 2014 அக்டோபர் முதல், விற்பவருக்கு மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான பணம் திரும்பப் போய்விடும், வாங்குபவர் அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கட்ட வேண்டும். 29ஆம் தேதி வாங்கினால் இரண்டு நாளுக்கு ஒரு மாத வரி. முடிந்தால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி கைமாற்றச் சொல்லுங்கள். கையில் பணம் இருந்தால் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுங்கள், அந்த 5 சதவீதம் மிச்சம். ஊருக்கு மாதக் கணக்கில் போகிறீர்கள், வண்டியை நிறுத்த தெருவில் இல்லாமல் சொந்த இடம் இருக்கிறது என்றால், வண்டி சாலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மிச்சமுள்ள முழு மாதங்களுக்குப் பணம் திரும்பி வரும். திரும்பி வந்து ஓட்டுவதற்கு முன் மறுபடி கட்டிவிடுங்கள், கேமரா முதல் நாளே பிடித்துவிடும்.